உங்களையும் சேர்த்துப் போட்ட எடை

மதினி,

நேற்று மாலை டியூஷன் முடிந்து வரும்போது சண்முகையா அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றுவிட்டேன். உங்கள் காரைத் தூக்கி நிறுத்தி, அண்ணாச்சி அதன் அடியில் படுத்திருந்தார். கியர் பெட்டியிலிருந்து சிவப்பு எண்ணெய் தகரத் தட்டில் வடிந்துகொண்டிருந்தது. மண்ணெண்ணெய் போலவும் இல்லாமல், சமையல் எண்ணெய் போலவும் இல்லாமல், கொஞ்சம் இனிப்புக் கலந்த அந்த வாசனை உங்கள் காருக்கு மட்டுமே உரியது.

"ஓடாத வண்டிக்கும் எண்ணெய் மாத்தணும் பாப்பா. ஒங்க அத்தை சொல்லிவிட்டாவ" என்றார் அண்ணாச்சி, நான் எதுவும் கேட்காமலே.

நான் சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் போன பிறகு ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது.

என் அத்தைக்கு நீங்கள் ஒரே பிள்ளை. குழந்தையாக இருந்தபோது வந்த போலியோ உங்கள் இடது காலை எடுத்துக்கொண்டது. அத்தை உங்களை இடுப்பில் வைத்துப் பள்ளிக்கூடம் தூக்கிப்போனதையும், பாரம் தாங்காத வயதிலும் இறக்கிவிடாததையும் எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்வார்கள். மாமா சிங்கப்பூரிலிருந்து திரும்பியபோது அந்த ஜப்பான் காரைக் கப்பலில் கொண்டுவந்தது உங்களுக்காகத்தான். அதில் கிளட்ச் கிடையாது. இடது காலுக்கு வேலையே இல்லாத கார். மாமா அதிக நாள் இருக்கவில்லை. ஆனால் அந்தக் கார் வந்த பிறகு உங்களை யாரும் தூக்கவில்லை. நூல்கண்டும் பொத்தானும் ஜிப்பும் ஏற்றிக்கொண்டு புதியம்புத்தூர் தையல் கூடங்களுக்கு நீங்களே போய் வந்தீர்கள்.

பந்தய ஆசை எப்போது வந்தது என்று எனக்குத் தெரியும். ஓர் ஆங்கிலக் கார் பத்திரிகையை உங்களுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். சென்னைக்கு அப்பால் பழைய விமான ஓடுதளம் ஒன்றில், இரண்டு இரண்டு கார்களாக நேர்க்கோட்டில் விட்டுப் பார்க்கிறார்கள் என்று அதில் போட்டிருந்தது. நீங்கள் என்னைத் திரும்ப வாசிக்கச் சொன்னீர்கள். பிறகு, "அங்கன யாரும் காலப் பாக்க மாட்டாங்க. வெளக்கு பச்சையானா போவேண்டியதுதான்" என்றீர்கள்.

கோயம்புத்தூரில் கொடுத்து, எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டை மாற்றி வந்தீர்கள். மேல் வேகத்தில் கார் சிறுத்தை மாதிரிப் போனது. கீழ் வேகத்தில்தான் தொல்லை. எட்டயபுரம் சாலையில் ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வர, நீங்கள் பிரேக்கை மிதித்ததும் எஞ்சின் இருமி இருமி அணைந்துபோனது. மற்றவர்கள் என்றால் ஒரு காலால் பிரேக்கும் மறு காலால் ஆக்ஸிலேட்டரும் மிதித்துச் சமாளித்திருப்பார்கள். உங்களுக்கு இருந்தது ஒரு கால். ஆடுகள் போய் முடித்த பிறகும் நாம் நடுச்சாலையில் நின்றோம். ஆட்டுக்காரர் தன் ஆடுகளிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. கார் நின்றுவிட்டால் நடந்து வீட்டுக்கு வர முடியாதவர் நீங்கள்.

"எஞ்சின்ல கோளாறு இல்ல. டார்க் கன்வெர்ட்டர மாத்தணும்" என்றார் சண்முகையா அண்ணாச்சி. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து, நடுவில் காற்றுக்குப் பதில் எண்ணெய் இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். எஞ்சின் ஒரு விசிறியைச் சுற்றும். அது தள்ளும் எண்ணெய் மறு விசிறியைச் சுற்றும். சக்கரத்துக்குப் போவது அந்தச் சுற்றுதான். வண்டி நகராமல் எஞ்சின் எதுவரை முறுக்கேறலாம் என்பதை அந்தக் கன்வெர்ட்டர்தான் முடிவு செய்யும். பழையது சாதுவான எஞ்சினுக்குச் செய்தது. புதிய தண்டோடு அதற்கு ஒத்துப்போகவில்லை.

அமெரிக்காவில் அதைச் செய்துதரும் ஒரு சிறிய பட்டறையைப் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கண்டுபிடித்தோம். வண்டியின் எடை, எஞ்சினின் வலு, வண்டி எதற்குப் பயன்படுகிறது என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். பதிலை ஆங்கிலத்தில் எழுதும் வேலை எனக்கு. அண்ணாச்சி சொல்லச் சொல்ல நான் முதலில் தமிழில் ஒரு தாளில் எழுதினேன்.

"வலுவக் கொஞ்சம் கூட்டிப் போடு பாப்பா. எடையக் கொறச்சுப் போடு. நாம சளைச்சவிய இல்லன்னு அவனுக்குத் தெரியணும்லா."

அத்தையும் பக்கத்தில் இருந்து, "ஆமா, கௌரவமா எழுதுட்டி" என்றார்.

நீங்கள் தாளை வாங்கி வாசித்தீர்கள். வாசித்துவிட்டு நான்காகக் கிழித்தீர்கள்.

"வெள்ளக்காரன் என்ன பொண்ணு பாக்கவா வாரான்? கூட்டிச் சொல்லவும் கொறச்சுச் சொல்லவும்?"

அத்தை முகம் சுருங்கிவிட்டது. தரகர் வரும்போதெல்லாம் "லேசாச் சாய்ச்சு நடப்பா, அவ்வளவுதான்" என்று சொல்கிறவர் அவர். வந்து பார்த்தவர்கள் காபியைக்கூட முடிக்காமல் எழுந்து போனதை நானும் பார்த்திருக்கிறேன். நீங்கள் அத்தையைப் பார்க்காமல் அண்ணாச்சியிடம் சொன்னீர்கள்: "இல்லாத வண்டிக்கு எழுதினா இல்லாத வண்டிக்குத்தான் அண்ணாச்சி சாமான் வரும். அத எந்தக் கார்ல மாட்டுவீங்க?"

மறுநாள் பருத்தி ஜின்னிங் மில்லின் எடை மேடைக்குப் போனோம். பருத்திப் பொதி லாரிகளுக்கு நடுவே உங்கள் நீலக் கார் மேடையில் ஏறியதும் எடைபோடுகிறவர் ஜன்னலில் தலை நீட்டினார்.

"டிரைவர் எறங்கணும்மா."

"நான் எறங்க மாட்டேன் அண்ணாச்சி."

"எல்லா லாரிலயும் எறங்கத்தாம்மா செய்யுதாங்க. டிரைவர் எடைக்கு எவன் துட்டு குடுப்பான்?"

"நான் என்ன பருத்தியா விக்கேன்? நான் இல்லாம இந்த வண்டி ஓடாது. என்னையும் சேத்துப் போடுங்க. காலிப்பரையும் சேத்து."

இரும்புப் பட்டையும் தோலும் சேர்ந்த அந்தக் காலிப்பர் இல்லாமல் உங்களால் நிற்க முடியாது என்று அவருக்குத் தெரியாது. நீங்கள் பாவாடையை லேசாக ஒதுக்கிக் காட்டினீர்கள். லாரிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. உங்களுக்கு இல்லை. எடைபோடுகிறவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு சீட்டு எழுதினார். நான் அதை அப்படியே பார்த்து எழுதினேன்.

பட்டறைக்காரரின் பதில் சுருக்கமாக இருந்தது. பந்தயத்துக்கு மட்டும் என்றால், எஞ்சினை நிமிடத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு சுற்று வரை முறுக்கவிடும் கன்வெர்ட்டர். கிளம்பும்போது எகிறிப் பாயும். ஆனால் மெதுவாகப் போகும்போது எண்ணெய் வீணாகச் சுழன்று கொதிக்கும், அதனால் வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் லாரியில் கொண்டுவாருங்கள். தினமும் ஓட்டுவதென்றால் இரண்டாயிரத்து அறுநூறு. எஞ்சின் அணையாது, ஆனால் முதல் சில அடிகளில் பின்தங்குவீர்கள். இரண்டும் ஒன்றில் கிடைக்காது. எது வேண்டும் என்று சொல்லுங்கள்.

அண்ணாச்சிக்குச் சந்தேகமே இல்லை. "பெருசுதான். ரேஸுக்குன்னு போயிட்டு எதுக்குப் பம்மணும்?" நானும் பெரியதன் பக்கம்தான். இயற்பியல் நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு, எந்த இடத்தில் எதிர்க்காரை முந்துவீர்கள் என்றுகூடக் காட்டினேன். நீங்கள் கவனமாகப் பார்த்தீர்கள்.

"நல்லாத்தான் இருக்குட்டி. ஜெயிச்சிட்டேன்னு வையி. மறுநா புதியம்புத்தூருக்கு எப்படிப் போவேன்? ஒன் முதுகுலயா?"

அப்போது அடுப்படியிலிருந்து அத்தை வந்தார். கையில் கரண்டி இருந்தது. "ஒண்ணும் வேண்டாம். பழசையே மாட்டி, வண்டிய வித்துட்டு வீட்டுல கெட. எனக்குப் பொறவு ஒன்னத் தூக்க ஒரு ஆளு வேணும்னு நான் நாய்படாத பாடு படுதேன், நீ என்னன்னா..."

"தூக்க ஆளு தேடாதம்மா" என்றீர்கள். சத்தம் போடவில்லை. "நான் போயிட்டுத் திரும்பி வாரதுக்குத்தான் வழி பாக்குதேன். அது போதும் எனக்கு."

அத்தை கரண்டியோடு உள்ளே போனார். பதில் எழுதாமலே சில நாட்கள் போயின. பெரியதை விட்டுக்கொடுப்பது உங்களுக்கு எளிதாக இல்லை என்பதை, அந்தக் கோடு போட்ட பக்கத்தை நீங்கள் மறுபடி கேட்டு வாங்கிப் பார்த்ததிலிருந்து தெரிந்துகொண்டேன். கடைசியில் சிறியதைத்தான் எழுதச் சொன்னீர்கள். எண்ணெயைக் குளிரவைக்கும் தனிக் குழாய்ப் பெட்டியும் சேர்த்து.

அமெரிக்காவிலிருந்து பார்சல் வந்து, அண்ணாச்சி கன்வெர்ட்டருக்குள் சிவப்பு எண்ணெய் ஊற்றி மாட்டிய மறுநாள், எட்டயபுரம் சாலையில் வேண்டுமென்றே ஒரு மந்தையின் நடுவே நிறுத்தினீர்கள். எஞ்சின் உறுமிக்கொண்டே நின்றது. "அணையல பாத்தியா" என்று என் தொடையில் ஓர் அடி கொடுத்தீர்கள். வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக உங்களை நான் பார்த்ததில்லை.

ஓடுதளத்துக்கு அதே காரில்தான் போனோம். பின்சீட்டில் ஸ்பானர் பெட்டியோடு அண்ணாச்சியும் நானும், முன்சீட்டில் கதவுப் பிடியை இறுகப் பற்றியபடி அத்தையும். உங்களுக்கு அடுத்த தடத்தில் நின்றது லாரியில் வந்து இறங்கிய கார். மற்றவர்கள் இடது காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டு எஞ்சினை முறுக்கினார்கள். நீங்கள் கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு முறுக்கினீர்கள். அண்ணாச்சி அதற்காகவே அதை இறுக்கி வைத்திருந்தார். பச்சை விளக்கு வந்தது. முதல் சில அடிகளிலேயே அந்தக் கார் முன்னால் போய்விட்டது. பிறகு நீங்கள் நெருங்கினீர்கள், நெருங்கிக்கொண்டே போனீர்கள், பாதை முடிந்துவிட்டது. இடைவெளி ஒரு கார் நீளம் இருக்கும்.

"பெருசப் போட்டிருக்கலாம்லா" என்று அண்ணாச்சி தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

திரும்பும் வழியில் திருச்சிக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். நீங்கள் இறங்கவில்லை. கண்ணாடி டம்ளரை ஜன்னல் வழியே நீட்டியபோது உங்கள் கண் சிவந்திருந்தது. "பரவாயில்லை மதினி, போனதே பெரிசு" என்றேன்.

"பரவாயில்லன்னு சொல்லாதட்டி. தோத்தது வலிக்குது. அதக் கொறச்சுச் சொல்ல மாட்டேன்" என்றீர்கள். டீயைக் குடித்துவிட்டு மறுபடி கிளப்பினீர்கள். மதுரை தாண்டி, சாத்தூர் தாண்டி, இரண்டு பக்கமும் கரிசல் விரிந்தபோது நான் முன்சீட்டைப் பார்த்தேன். அத்தை கதவுப் பிடியை விட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நீங்கள் ஓட்டும்போது அவர் தூங்கி நான் பார்த்தது அன்றுதான். நீங்களும் பார்த்தீர்கள். பள்ளங்களில் வண்டியை அவ்வளவு பதமாக இறக்கி ஏற்றினீர்கள்.

அடுத்த ஆண்டு மஞ்சள் காமாலை வந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு, அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீங்களேதான் ஓட்டிப் போனீர்கள். உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தது வேறு வண்டி.

கார் ஆஸ்பத்திரி வேப்ப மரத்தடியில் நின்றிருந்தது. சடங்குகள் முடிந்த பிறகு அப்பா அதை எடுத்துவரப் போனபோது, அத்தை தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். நானும் போனேன். ஜீப் ஓட்டிப் பழகிய அப்பாவின் இடது கால், இல்லாத கிளட்சைத் தேடித் தேடி பிரேக்கை மிதித்தது. ஒவ்வொரு தடவையும் கார் குலுங்கி நின்றது. "அவ இப்பிடிக் குலுக்க மாட்டாளே" என்றார் அத்தை. அப்பா ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக்கொண்டார்.

துஷ்டி கேட்க வந்தவர்கள் இரண்டு விதமாகப் பேசினார்கள், மதினி. "பாவம், அந்தக் காலோட என்ன சொகத்தக் கண்டா. போய்ச் சேந்ததும் நல்லதுதான்" என்றார்கள் சிலர். "மெட்ராஸ் ரேஸ்ல எல்லா ஆம்பளையளையும் தோக்கடிச்ச பிள்ள" என்றார்கள் சிலர். இரண்டையும் கேட்கும்போது எனக்கு அந்தக் கிழித்த தாள்தான் ஞாபகம் வந்தது. ஒன்றில் உங்களைக் குறைத்திருந்தார்கள், ஒன்றில் கூட்டியிருந்தார்கள். இரண்டிலும் நீங்கள் இல்லை. அன்றிலிருந்து உங்களைப் பற்றி யார் கேட்டாலும் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறேன். பேருந்தில் முன்பின் தெரியாத ஒரு அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன். சில நேரம் கேட்டவர்களுக்குச் சப்பென்று போய்விடுகிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

நூல் வியாபாரத்தை இப்போது அத்தை பார்க்கிறார். பேருந்தில் தனியாகவே புதியம்புத்தூர் போய் வருகிறார். பள்ளி விடுமுறையென்றால் நானும் போவேன். போன வாரம் ஒரு தையல் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி மிஷினை நிறுத்திவிட்டு, "ஒங்க மக ரேஸ்ல ஜெயிச்சவியளாம்லா பெரியம்மா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன்.

அத்தை முந்திக்கொண்டார்.

"ஜெயிக்கலம்மா, தோத்துட்டா. கால் ஒண்ணு வெளங்காது அவளுக்கு. தோத்துட்டு அம்புட்டுத் தூரமும் அவளே ஓட்டி எங்களக் கொண்டாந்து வீட்டுல விட்டா. நான் தூங்கிட்டே வந்தேன்."

அந்தப் பெண் மறுபடி மிஷினை ஓட்டத் தொடங்கினாள். அத்தை மீதி நூல்கண்டுகளைப் பைக்குள் எடுத்து வைத்தார். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். பையின் ஒரு காதை நான் பிடித்துக்கொண்டேன்.