ஏணிக்கு எடுத்து வைத்த தட்டு

என் அருமை மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் தையல் மெஷினும் மூவரும் சுகமாக இருக்கிறோம், மெஷினுக்கு மட்டும் கொஞ்சம் சளி, உள்ளே சேறு புகுந்ததால் மிதிக்கும்போதெல்லாம் இருமுகிறது. அங்கே உன் உடம்பும் வேலையும் நன்றாக இருக்க வேண்டும். போன்தான் மறுபடி வந்துவிட்டதே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் வந்து என்ன, அம்மா கொடுத்தால்தானே! அவள் பேசி முடித்து என் கைக்கு வரும்போது நீ வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்கிறாய். அதோடு, வாயால் சொல்ல எனக்கு வெட்கமான ஒரு விஷயம் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளம் வந்ததும் கீழ்த்தெரு முழுக்க அடித்துக்கொண்டு போனதும் உனக்குத் தெரியும். மிஞ்சியவர்கள் எல்லாரும் பள்ளிக்கூட ஹாலில் தங்கினோம். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் மூட்டை மூட்டையாகத் துணி அனுப்பினார்கள், தங்கமான மனசு, ஆனால் அளவு? நம் பேக்கரிக்காரர் தொப்பைக்கு யாரோ பள்ளிப் பிள்ளையின் சட்டை வந்திருந்தது. நாலு பேர் சேர்ந்து என் மெஷினைத் தூக்கிவந்து வராந்தாவில் போட்டார்கள், காலையில் உட்கார்ந்தால் இருட்டும்வரை பிரிப்பதும் தைப்பதும்தான். பேக்கரிக்காரர் நனையாத மாவை எல்லாம் ரொட்டியாக்கிவிட்டார், தனக்கு நாளைக்கு வேண்டுமே என்று ஒரு பிடிகூட ஒதுக்கவில்லை. சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்து பிரார்த்தனை செய்வார்கள். நான்தான் சாமி கும்பிடாதவன் ஆயிற்றே, அந்த நேரம் பார்த்து மெஷினை வேகமாக மிதிப்பேன், அம்மா உள்ளே இருந்து முறைப்பாள்.

ஏணியைக் காணவில்லை. லைன்மேன் ஏணிதான், இருபது வருஷமாக இடது தோளில் ஏணியோடு திரிந்து அந்தப் பெயரே வாங்கியவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேல்குடியிருப்பில் கம்பி அறுந்து விழுந்தது, கரண்டை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று மழையோடு மழையாகப் போனவர் திரும்பவில்லை, பாலமும் போய்விட்டது. இரண்டாம் நாள் காலை பேக்கரிக்காரர் தன் கடை ஷட்டரில் சிக்கியிருந்த ஒரு சட்டையைக் கொண்டுவந்தார். சேற்றை அலசிவிட்டு உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஏணி சுமந்து சுமந்து அவருக்கு இடது தோள் அரை இஞ்ச் இறக்கம், அது தெரியாமலிருக்க அந்தப் பக்கம் மட்டும் உள்ளே ஒரு பட்டை வைத்துத் தைப்பேன். பட்டை இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் வாய் மட்டும் ஓடியது. ஏணியின் மனைவி நிற்கிறாள் என்றுகூடப் பார்க்காமல், இது ஏணி சட்டைதான், இனி தேடிப் பிரயோஜனமில்லை என்று ஹாலுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன். ஹால் முழுக்க ஒரே அழுகை. உன் அம்மா என்னைத் தனியாக இழுத்துப்போய், அந்த நாக்குல ஒரு தையல் போட்டுக்கக் கூடாதா என்று கேட்டாள்.

ஏணியின் மனைவி அழவில்லை. மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் இரண்டு தட்டு வாங்கினாள், ஒன்றை மூடிப் பக்கத்தில் வைத்தாள். அது ஆறியதும் சேறு அள்ளிவிட்டுக் கடைசியாக வருகிறவருக்குக் கொடுத்துவிட்டு, ராத்திரிக்கு மறுபடி தட்டு வைத்தாள். முதலில் எல்லாரும் பாவம் என்று பார்த்தார்கள். மறுநாள் பேக்கரிக்காரர் முதல் ரொட்டியை அந்தத் தட்டில் வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் போட்டார். அப்புறம் குழந்தைகள்கூட அந்தத் தட்டு நிறையாமல் தங்கள் தட்டில் கை வைக்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை. அன்பு என்று நினைத்து அவளை ஏமாற்றுகிறார்களே என்று எரிச்சல். நேரே போய், ஏம்மா உன்னை நீயே ஏமாத்திக்கிற, என் தையல் எனக்குத் தெரியாதா என்று கேட்டேன். அவள் நிதானமாக, அண்ணே, சட்டையைத்தான் நீங்க தைச்சீங்க, அவரை நீங்க தைக்கலையே என்றாள். நான் திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்தேன், ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் ஏணி வந்தார். வெற்றுடம்பில் யாரோ ஒரு பெண்ணின் சால்வை, பின்னால் மேல்குடியிருப்பு ஆட்கள் பதினொரு பேர், மலைமுகட்டைச் சுற்றி நடந்தே வந்திருக்கிறார்கள். பாலம் அறுந்ததும், தெரியாமல் யாரும் இறங்கிவிடக் கூடாதே என்று சட்டையைக் கழற்றிப் பாலத்துக் கம்பத்தில் கட்டியிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் அந்தப் பதினொரு பேரும் நின்றிருக்கிறார்கள். அப்புறம் தண்ணீர் ஏறிக் கம்பத்தையும் கொண்டுபோயிருக்கிறது. அவர் உள்ளே வந்து உட்கார்ந்ததும் மனைவி மூடியிருந்த தட்டைத் திறந்து முன்னால் வைத்தாள், அவ்வளவுதான். ரொட்டி இன்னும் சூடாக இருந்தது. நான் மெஷின்மேல் தலையை வைத்து அழுதேன். அம்மா இதை உன்னிடம் சொல்லியிருப்பாள், கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பாள். மன்னிப்புக் கேட்கப் போனேன், அந்தப் பெண் என்னைப் பேசவே விடாமல், நாலு நாளா நீங்க சரியா சாப்பிடலை அண்ணே, உக்காருங்க என்று எனக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

எல்லாருக்கும் இப்படி நடக்கவில்லை மகளே. செருப்புக் கடைக்காரரின் தம்பி கிடைத்தார், உயிரோடு இல்லை. அவருக்கும் சேர்த்துத்தான் எல்லாரும் வேண்டினார்கள். இது என்ன கணக்கு என்று அம்மாவிடம் கேட்டேன். தெரியாது, ஆனா அவரைத் தூக்கிட்டுப் போக எத்தனை பேர் வந்தாங்கன்னு பார்த்தீங்கல்ல என்றாள். பார்த்தேன். ஊரே வந்தது. இப்போது பிரார்த்தனை நேரத்தில் மெஷினை நிறுத்திவைக்கிறேன், போய் உட்காருவதில்லை, அதற்கே அம்மா ரொம்பத்தான் அலட்டிக்கொள்கிறாள்.

அந்த நாலு நாளும் உன் அறையில் கூட இருக்கும் பெண், மனசைத் தேற்றிக்கொள் என்று சொல்லியும், நீ கேட்காமல் அணைந்துகிடந்த எங்கள் போனுக்கு விடாமல் அடித்துக்கொண்டே இருந்தாயாம். நானாக இருந்தால் இரண்டாம் நாளே நிறுத்தியிருப்பேன்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும், நானே சொல்கிறேன், எழுத்தில் இருக்கிறது, அம்மாவிடம் காட்டிவிடாதே. என் அளவு நோட்டு வெள்ளத்தோடு போய்விட்டது. உன் அளவு மனப்பாடம்தான், ஆனால் இப்போதெல்லாம் என் அளவை நானே நம்புவதில்லை, நேரில் வந்து கொடு. ரோடு போட மாசக்கணக்காகும் என்கிறார்கள், அவசரப்படாதே. வீடு திரும்பிய நாளிலிருந்து அம்மா சாப்பிடும்போது மூன்று தட்டு எடுக்கிறாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. மூன்றாவதைத் துடைத்து வைப்பது நான்தான்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா