எண் மட்டும் இருக்கும்

ஆரல்வாய்மொழி
12.06.2024

அன்புள்ள லட்சுமிக்கு,

சுகமாக இருக்கிறாய்தானே? போனில் பேசினால் அத்தை அடுக்களையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். அதனால் எழுதுகிறேன். பதிலை என் ஆபீஸ் முகவரிக்கே போடு.

மூன்றாவது கருவும் தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துவைத்த துணியையே மறுபடியும் துவைக்கிறேன். காற்றுக்காலம் வேறு. கதவு ஓயாமல் அடிக்கிறது, நான் போய்ப் போய்ச் சாத்துகிறேன்.

நேற்று அத்தை இவரிடம், "மக்கா, ஸ்கூட்டர்ல தெனமும் நாகர்கோயிலுக்குப் போய்ட்டு வந்தா பின்ன எங்க தங்கும்?" என்றாள். இவர் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். காற்றாலை உச்சியில் ஏறி வேலை பார்க்கிறவருக்கு அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லப் பயம்.

நீ பெங்களூரில் கர்ப்பப்பையைப் பற்றித்தானே ஆராய்ச்சி செய்கிறாய்? ஸ்கூட்டரால்தானா? அதை மட்டும் எழுது.

உன் அக்கா
சுபிதா


பெங்களூரு
20.06.2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை பஸ்ஸில் படித்துக்கொண்டே இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். ஸ்கூட்டரால் இல்லை. நீ செய்த எதனாலும் இல்லை.

நான் பார்ப்பது மிகச் சின்ன விஷயம். கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதாமாதம் உதிர்ந்து மறுபடி வளர்கிறது. அதிலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுற்றிச் சில செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். குழாய் கசியாமல் தாங்குவதும், புதுக்குழாயை உறுதியாக்குவதும் அவைதான். கருவை ஏற்க அந்தச் சவ்வு மாறத் தொடங்குவதும் அவற்றை ஒட்டித்தான். கரு தங்காத சிலருக்கு அவை குறைவோ, சரியாக வேலை செய்யவில்லையோ என்று சந்தேகப்படுகிறோம். சந்தேகம்தான், அக்கா. அதற்குமேல் இன்னும் தெரியாது.

நேரத்துக்குச் சாப்பிடு.

லட்சுமிப்ரியா


ஆரல்வாய்மொழி
02.07.2024

லட்சுமி,

அந்தப் பத்தியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. ஆபீஸில் கணக்கு தப்பாகப் போட்டுத் திட்டு வாங்கினேன்.

என்னுடையதை எடுத்துப் பார். லீவு போட்டுவிட்டு வருகிறேன். என்னைத் தாங்கவேண்டியவை தாங்கினவா இல்லையா என்று உன் வாயால் கேட்டுவிட்டால் நான் தூங்குவேன்.

சுபிதா


பெங்களூரு
10.07.2024

அன்புள்ள அக்கா,

முடியாது. கோபப்படாதே.

எங்களுக்குத் திசு வருவது திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து. எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. யாருக்கும் தனியாக முடிவு சொல்வதில்லை. அது வைத்தியமும் இல்லை. லேப் விதியை விடு, உன்னை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. நல்ல டாக்டரிடம் போ. அத்தானையும் கூட்டிக்கொண்டு போ, அவருக்கும் பரிசோதனை வேண்டும்.

லட்சுமிப்ரியா


பெங்களூரு
01.08.2024

அக்கா,

பதில் இல்லை. போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். திட்டியாவது ஒரு வரி எழுது. லேபில் கை ஓடவில்லை.

லட்சுமி


ஆரல்வாய்மொழி
28.08.2024

அன்புள்ள லட்சுமிக்கு,

கோபத்தில்தான் எழுதாமல் இருந்தேன். படித்தவள் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டாள் என்று நினைத்தேன்.

போன வாரம் அத்தை, பக்கத்து வீட்டு பகவதியம்மாளிடம் என் முன்னாலேயே, "எம்பிள்ளைக்கு வேற ஒரு வழி பாக்காண்டாமா?" என்றாள். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். இவர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"எங்கட்டி போற?"

"திருவனந்தபுரத்துக்கு. டாக்டரப் பாக்க."

என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். பிறகு வீட்டைப் பார்த்துத் திரும்பி, "எம்மா, இனி இவ வயித்தப் பத்தி யாரும் பேசாண்டாம்" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டு என்னோடு பஸ் ஏறினார். களியக்காவிளை தாண்டும்வரை அவர் பையை மடியைவிட்டு இறக்கவில்லை.

இரண்டு பேரையும் பரிசோதித்தார்கள். எனக்கு உள்சவ்வில் கொஞ்சம் எடுத்தார்கள். அப்போது ஒரு பெண் வந்து உன் லேபின் பெயரைச் சொல்லி, இதில் சிறிது பெங்களூருக்கு ஆராய்ச்சிக்குத் தரலாமா, உங்களுக்கு இதனால் பலன் ஒன்றும் கிடைக்காது என்றாள். தருகிறேன் என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை.

மறுபடி முயல்வோமா என்று தெரியாது. இவரும் கேட்கவில்லை.

இனி உன் மேசைக்கு வருவதில் ஒன்று நான். எது என்று உனக்குத் தெரியாது. அதனால் ஒன்றையும் அவசரமாகப் பார்த்துத் தள்ளிவிடாதே, மக்கா.

உன் அக்கா
சுபிதா