மேலே கருவாடு, கீழே கறண்ட்

பேசாலை,
ஜூன் 9

அன்பு மகன் டிலோஜனுக்கு,

மாதாவின் காவலில் அப்பாவும் நானும் நல்ல சுகம். பேர்கனில் பெய்கிற மழை உன் நெஞ்சில் சளியாக இறங்காமல் இருக்க வேண்டும் என்பதே இங்கு எங்கள் அன்றாட மன்றாட்டு. எங்கள் வீட்டுச் சோலர் மத்தியானத்தில் ஏன் படுத்துவிடுகிறது, பேசாலையில் அப்படி என்ன மழை என்று நீ போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். இங்கே ஒரு துளி மழை இல்லை. அங்கிருந்தபடியே உன் போனில் எங்கள் சோலரின் கறண்ட் ஏறி இறங்குகிற கோட்டைப் பார்க்கிறாய் என்பதும், அது நாய் கவ்விய தோசை போல நடுவில் குறைந்திருக்கிறது என்பதும் உண்மைதான். காரணத்தைப் போனில் சொல்ல முடியாது, நான் கதைக்கும்போது அப்பா பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். ஆகவே லீவு முடிந்து நோர்வே திரும்பும் மதுஷிகாவிடம் கொடுத்துவிட இதை எழுதுகிறேன். இவ்வளவு காலம் பத்திரிகைக்குச் செய்தி எழுதிய பழக்கத்தில், கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்தே எழுதுகிறேன்.

அப்பா சோலர் தட்டுகளைக் கூரையில் ஏற்றவில்லை. சோளகக் காற்று கூரை ஓடுகளையே கழற்றிக்கொண்டு போகிற ஊரில் அது சரியான முடிவுதான். வளவின் பின்பக்கம், இடுப்பளவு உயரத்தில், கால் நட்டுச் சட்டம் அடித்து, தெற்குப் பார்த்து லேசாகச் சாய்த்து வைத்தார். பற்றறிகளை வலை அறையில் அடுக்கினார். எல்லாம் பூட்டி முடிந்த அன்றே, மின்சார சபையின் வயரை வெட்டித் திருப்பிக் கொடுக்கப் போவதாக மீனவர் சங்கத்தில் அறிவித்துவிட்டு, அதன் பிறகுதான் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். நான் மறித்தேன். மே மாத வணக்கத்தில் வீடு வீடாகக் கொண்டுபோகும் மாதா சுருவம் எங்கள் வீட்டுக்கு வரும் பின்னேரம், சோடனை விளக்கும் ஒலிபெருக்கியும் உட்பட, செபம் முடியும்வரை உங்கடை பற்றறி தாங்கினால் வயரை வெட்டுங்கோ, தாங்காவிட்டால் அந்தக் கதையை இந்த வீட்டில் இனி எடுக்கக் கூடாது என்றேன். இஞ்சரும், அண்டைக்கு நான் சபைக்காரன்ர சுவிச்சில கையும் வைக்கமாட்டன், இருந்து பாரும் என்றார்.

ஆனால் பற்றறி ஒரு நாளும் பாதிக்கு மேல் ஏறவில்லை. அப்பா முதலில் பற்றறியைச் சந்தேகித்தார், பிறகு உன்னைச் சந்தேகித்தார், நீ அங்கிருந்து போனில் எதையோ அமத்திப்போட்டாயாம். அதற்குப் பிறகு ஊரில் திரியும் கழுதைகளை. அவை தட்டுகளின் கீழே நிழலுக்கு நின்று வயரில் முதுகு சொறிகின்றன என்று வளவைச் சுற்றி வேலி அடைத்தார். வேலி நின்றது, கழுதைகள் ரோட்டில் நின்றன, பற்றறி பாதியிலேயே நின்றது. சோலர் பூட்டித் தந்த பாயிஸ் மன்னாரிலிருந்து வந்து பார்த்தார். அவர் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுத்தான் வருவார். எல்லாவற்றையும் அளந்துவிட்டு, அண்ணை, ஒரு பிழையும் இல்ல, இந்த உப்புக் காத்தில இவ்வளவு துப்பரவான தட்டை நான் மன்னார் முழுக்கக் காணேல்ல, ஆர் கழுவுறது என்று கேட்டார். அப்பா நெஞ்சை நிமிர்த்தி, நல்ல சாமானில தூசு நிக்காது தம்பி என்றார். ஒருவரும் கழுவுவதில்லை என்றுதான் நானும் நினைத்தேன். பகலில் நான் செய்திக்காக மன்னார் நீதிமன்றத்திலும் அரசாங்கக் கச்சேரியிலும் அலைகிறேன், அப்பா சங்கத்தில் இருக்கிறார்.

மாதா வரும் அன்று சோடனைக்காக நான் மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். இனி எழுதுவது கண்ணால் கண்டது. பின்வளவில் அப்பாவின் அக்கா, உன் றஞ்சிதா மாமி நின்றார். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை ஒரு தட்டு மிச்சமில்லாமல் பிளந்த கட்டா மீனும் சூடை மீனும் வரிசையாகக் கிடந்தன. மச்சாள், என்ன இது என்று கேட்டேன். மாமி சந்தோசமாகத் திரும்பி, என்ர கருவாட்டுப் பரணைக் காத்துக் கொண்டுபோன நாளில இருந்து ஒண்டு கட்டித் தாடா எண்டு தம்பியைக் கேட்டனான், நாளைக்கு நாளைக்கு எண்டவன், இப்ப பாருங்கோ, கண்ணாடி போட்டே கட்டித் தந்திட்டான், ஒரே வெயிலில மீன் கலகலவெண்டு காயுது என்றார். மச்சாள், இது கறண்ட் எடுக்கிற சாமானெல்லோ என்றேன். மாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அது எனக்குத் தெரியாதோ, வயர் எல்லாம் கீழதானே கிடக்கு, கறண்ட் கீழ, கருவாடு மேல, அவன்ர பக்கத்தை நான் தொடுறதேயில்ல என்றார். ஒவ்வொரு நாளும் மீனை அள்ளிய பிறகு நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துவிடுவதாகவும், தம்பி வந்து பார்க்கும்போது அசிங்கமாக இருக்கக் கூடாது என்றும் சொன்னார். அப்பாவின் கைக்குப் பரணுக்குச் சட்டமடித்த பழக்கம் ஒன்றுதான், அவர் எதை அடித்தாலும் பரணாகத்தான் வரும், மாமியிலும் பிழையில்லை.

நான் சங்கத்திலிருந்து அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். உடனே அள்ளச் சொன்னால் பின்னேரத்துக்குள் பற்றறி ஓரளவு ஏறிவிடும் என்று அவருக்கும் தெரியும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோபமாகத்தான் போனார். மாமி அவரைக் கண்டதும், தம்பி, உனக்காக இண்டைக்கு மாதாட்ட ஒரு மன்றாட்டு வைச்சிருக்கிறன் என்று சொன்னது எனக்குக் குசினி யன்னலில் கேட்டது. கொஞ்சம் பொறுத்து எட்டிப் பார்த்தேன். அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பக்கமாக நின்று மீன் பிரட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அப்பா மெதுவாக, கெதியாக் காஞ்சால் கெதியா அள்ளலாமெல்லோ என்றார்.

பின்னேரம் சுருவம் வந்தது, சனம் முற்றம் நிறைந்தது, சங்கத்தார் முன்வரிசையில் இருந்தார்கள். செபமாலையில் நான்காவது பத்து ஓடும்போது வலை அறையில் இன்வேட்டர் பூனை போலக் கத்தியது, விளக்குகள் எல்லாம் அணைந்தன. அப்பா எழும்பினார். ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. நேரே போய்ச் சபைக்காரனின் சுவிச்சைப் போட்டார். வெளிச்சம் வந்தது, செபம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. பொது மன்றாட்டில் மாமி எழுந்து, எனக்குக் கண்ணாடிப் பரண் கட்டித் தந்த என்ர தம்பியை ஆசீர்வதியும் தாயே என்று உரத்த குரலில் வேண்டினார். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று பாதி வாய்கள்தான் சொல்லின, மீதிப் பாதி கணக்கைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. முதலில் விடை கண்டவர் சங்கத்துச் சந்தியோகு. அப்ப அண்ணை, கறண்டைத் திண்டது கருவாடோ என்றார். பாதரும் சிரிப்பை அடக்க லேஞ்சித் துணியால் வாயைப் பொத்தினார். அப்பா மாமியை ஒருதரம் பார்த்துவிட்டு, எது திண்டால் என்ன, பரண் அக்கான்ரதான், கறண்ட் சபைக்காரனிட்டையும் வாங்கலாம் என்றார்.

அதனால் வயர் இருக்கிறது. அப்பா பக்கத்திலேயே கிடுகுத் தட்டியில் மாமிக்கு ஒரு பரண் கட்டிப் பார்த்தார், அதில சூடு காணாது என்று மாமி திரும்பியும் பார்க்கவில்லை. இப்போது கடற்கரைப் பக்கத்துச் சோலர் தட்டு வரிசை மாமியின் வரிசை, மற்றவை அப்பாவுடையவை. ஆகவே இனி மத்தியானத்தில் கோடு கொஞ்சம் இறங்கினால் பதறிப் போன் எடுக்காதே, அன்று மீன் நல்லாகப் பட்டிருக்கிறது என்று சந்தோசப்படு. மாமிக்குப் போனில் சூரிய சக்தியை விளங்கப்படுத்தவும் வேண்டாம்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், ஞாயிறு பூசையை விடாதே, கண்டதையும் கடையில் வாங்கிச் சாப்பிடாதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்திருக்கட்டும். மதுஷிகாவிடம் ஒரு பார்சல் கொடுத்திருக்கிறேன், மாமி தந்த கட்டாக் கருவாடு, மாதா வந்த அன்று காய்ந்தது. அந்த நாளில் உன் போனில் காணாமல் போன கறண்ட் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. மெல்லிய நெருப்பில் பொரித்துச் சாப்பிடு.

என்றும் உன் நினைவோடு,
அம்மா மனோன்மணி