நீ எழுதும் பினாங்கு

நாகப்பட்டினம்,
5 ஜனவரி 1935

என் தையுவுக்கு நீலா எழுதிக்கொண்டது.

உன் மார்கழிக் கடிதம் வந்து சேர்ந்தது. இங்கே அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை குறைந்தபாடில்லை, மற்றபடி எல்லோரும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரர் கார்த்திகேசுவும் அங்கே சௌக்கியமாக இருக்க நீலாயதாட்சி துணை. அம்மனைச் சொன்னேன், என்னை இல்லை.

முதலில் சின்னச் சேதி. நம் ‘பினாங்கு மரகதம்’ ஏழாவது அத்தியாயம் பத்திரிகையில் வந்துவிட்டது. நம் என்றுதான் சொல்வேன். நீலமேகம் என்று ஆண்பிள்ளைப் பெயர் வைத்துக்கொண்டு எழுதுகிறவள் நான், விஷயம் கொடுக்கிறவள் நீ. சனிக்கிழமை சாயங்காலம் அவர் உன்னை ரிக்ஷாவில் எஸ்பிளனேடு கடற்கரைக்குக் கூட்டிப்போனதையும், சூரியன் கடலுக்குள் முழுகுகிற வரை இருவரும் பேசாமல் நின்றதையும் எழுதியிருந்தாயே, அதை அப்படியே மரகதத்துக்கும் டாக்டர் சுந்தரேசனுக்கும் கொடுத்துவிட்டேன். ஸ்திரீகள் கேட்டு வாங்கிப் படிக்கிறார்களாம். பத்திராதிபர் புகழ்ந்து எழுதியிருக்கிறார். பதினாறு வயதில் தாலி இழந்து, அப்பா வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே நடந்துகொண்டிருப்பவள்தான் இந்தக் காதலையெல்லாம் எழுதுகிறாள் என்று தெரிந்தால் அந்த மனுஷர் என்ன சொல்வாரோ!

இனிப் பெரிய சேதி. தங்கை சந்திரிகாவுக்கு உன் ஊரிலிருந்தே வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளை பெயர் ராமதாஸ். உன் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் அதே துறைமுக ஆபீசில் கிராணி, நம் ஊர்ப் பேச்சில் குமாஸ்தா. சித்திரை பிறந்ததும் நிச்சயம் செய்யலாம் என்கிறார்கள். அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: “உன் சிநேகிதி தையல்நாயகி அங்க இருக்கா. அவ சரின்னு ஒரு வரி எழுதட்டும், எனக்கு அது போதும்.” சந்திரிகாவைக் கேட்கவே வேண்டாம். என் கையெழுத்துப் பிரதியைத் திருடிப் படித்துப் படித்துப் பாதி பினாங்குக்காரி ஆகிவிட்டாள்.

ஆகையால் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்து எழுது. அப்படியே அங்கே டாக்டர்கள் சாயங்காலம் என்ன சாப்பிடுவார்கள் என்றும் எழுது. எட்டாம் அத்தியாயத்தில் சுந்தரேசன் பசியோடு நிற்கிறான்.

உன்
நீலா


பினாங்கு,
2 பிப்ரவரி 1935

அன்புள்ள நீலாவுக்கு,

கடிதமும் பத்திரிகையும் ஒரே கப்பலில் வந்தன. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறி உன் பெயருக்கும் ஒரு தேங்காய் உடைத்தேன். அப்பாவை வெந்நீரே குடிக்கச் சொல்.

ஏழாம் அத்தியாயத்தை மூன்று தரம் வாசித்தாகிவிட்டது. நாங்கள் இருக்கும் மாடிக்குக் கீழே நூர் முகம்மது ராவுத்தரின் ஜவுளிக்கடை. அவர் மனைவி மஹ்பூபா இந்த ஊரிலேயே பிறந்தவள். அரபு எழுத்தில் எழுதிய தமிழ் வாசிப்பாள், நம் எழுத்து தெரியாது. பத்திரிகை வந்த மத்தியானம் கடைக்குப் பின்னால் கிணற்றடியில் நான் வாசிக்க, அவள் வெங்காயம் உரித்தபடி கேட்பாள். அழுகிறாளா, வெங்காயமா என்று சொல்ல முடியாது. இந்தத் தடவை என்னை நிறுத்தினாள். “இரு தங்கச்சி. நான் பொறந்து வளந்த ஊருதான லா இது? இப்புடி ஒரு டாக்டர நான் ஒரு ஜாலான்லயும், ஒரு தெருவுலயும் பாத்ததில்லியே!” என்றாள். கதைதானே அக்கா என்றேன். “கதைனு தெரியாமலா கேக்குறேன்? அந்தப் புள்ள அவன் கையப் புடிச்சாளா இல்லியா, அதப் படி” என்றாள்.

எனக்கும் அப்படித்தான், நீலா. உன் மரகதம் மூன்றாம் பக்கத்தில் கோபித்துக்கொண்டால் ஐந்தாம் பக்கத்தில் சமாதானமாகிவிடுகிறாள். கடைசியில் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. அதனால்தான் தைரியமாக அழ முடிகிறது. வாசித்து முடித்து அரிசி களையப் போனால் கை லேசாக இருக்கிறது.

டாக்டர்கள் மெல்லிய பீங்கான் கோப்பையில் தேயிலைத் தண்ணீர் குடிப்பார்கள், ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சாப்பிடுவார்கள். ராமதாஸைப் பற்றி விசாரித்து எழுதுகிறேன். அவசரப்பட வேண்டாம்.

உன்
தையு


நாகப்பட்டினம்,
1 மார்ச் 1935

அடி தையு,

மாப்பிள்ளையைப் பற்றி நீ எழுதுவாய் என்று இரண்டு கப்பலுக்குக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நெருக்குகிறார்கள். சந்திரிகா கூறைப்புடவைக்கு நிறமே தீர்மானித்துவிட்டாள்.

அதற்கு நடுவில் பத்திராதிபர் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார். உன் ஊரில் புத்தகக் கடை வைத்திருக்கும் அப்துல் ரஹீம் என்பவர் எழுதியது. படி: “ஐயா, எஸ்பிளனேடு இருப்பது தீவின் கீழ்க்கரையில். அங்கே சூரியன் கடலில் அஸ்தமிப்பதில்லை, ஊருக்குப் பின்னால் மலைப்பக்கம் போய்விடுகிறது. மரகதமும் டாக்டரும் பார்த்தது எந்தச் சூரியன் என்று தெரிவித்தால் நாங்களும் குடும்பத்தோடு போய்ப் பார்ப்போம்.”

விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நம் ஊரில் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. அப்படியானால் அக்கரையில் கடலுக்குள்தான் இறங்க வேண்டும் என்று நாகப்பட்டினத்துப் பெண் ஒருத்திதான் நினைப்பாள். அதுவும் அந்தக் கரைக்குப் போகாதவள்.

நாலு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் போகிறேன் என்று எழுதுகிறாயே. ஒரு சனிக்கிழமையாவது போயிருக்கிறாயா? கதைக்காகக் கேட்கவில்லை. உன் ஒரு வரியை நம்பித்தான் என் தங்கையைக் கப்பலேற்றப் போகிறோம்.

நீலா


பினாங்கு,
14 மார்ச் 1935

என் நீலாவுக்கு,

ஒரு சனிக்கிழமைகூடப் போனதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டதும் அவர் ஊருக்கு வெளியே இருக்கும் கெலுகோர் போய்விடுவார். திங்கட்கிழமை சாயங்காலம்தான் இங்கே வருவார். அங்கே சின்னம்மா என்று ஒரு பெண், ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். என்னைக் கட்டுவதற்கு முன்பே அவளோடு குடும்பம், இரண்டு குழந்தைகள். ஊரில் இருக்கும் தாயாருக்குப் பயந்து என்னையும் கட்டிக்கொண்டார். நான் வந்த முதல் தீபாவளிக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. “ரெண்டு வூட்டுக்கும் ஒரே பீசுலேருந்துதான் எங்க வூட்டுக்காரவுக துணி கிழிச்சுக் குடுத்தாக. ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன் தங்கச்சி” என்று மஹ்பூபா கையைப் பிசைந்தாள். சின்னம்மாவை ஒரு தடவை தண்ணீர்மலையில் பார்த்தேன். அவளும் என்னைப் போல் ஒருத்திதான். அவள் பேரில் எனக்குக் கோபம் இல்லை.

இவர் அடிக்கிறவர் இல்லை. அரிசி பருப்புக்குக் குறை வைக்கிறவரும் இல்லை. அதனால் யாரிடம் என்ன சொல்லி அழுவது என்றே தெரியவில்லை. அப்போதுதான் நீ கேட்டு எழுதினாய்: ‘கார்த்திகேசு உன்னை எங்கெல்லாம் கூட்டிப் போகிறார்?’ ஒரே ஒரு சாயங்காலத்தைக் கற்பனை செய்து எழுதினேன். எழுதும்போது மனசுக்கு இதமாக இருந்தது, அடுத்த தடவையும் எழுதினேன். அது உன் எழுத்தில் அச்சாகித் திரும்பி வந்தபோது எனக்கே பொய்யாகத் தெரியவில்லை. மாதத்தில் ஒரு மத்தியானம் நீ எழுதும் பினாங்கில் நானும் குடியிருந்தேன். மற்ற நாளெல்லாம் இந்த ஊரில்.

இனி முக்கியமானது. ராமதாஸ் இருப்பதும் கெலுகோரில்தான், சின்னம்மாவின் தங்கையோடு. கைக்குழந்தை இருக்கிறது. அவருக்கும் ஊரில் ஒரு தாயார், ஒரு பிடிவாதம். சந்திரிகாவை அனுப்பாதே.

இது எனக்கு ஜனவரியிலேயே தெரியும். எங்கள் மாடியில் பக்கத்து அறை காலி. கல்யாணமானதும் அங்கேதான் குடிவைப்பதாகப் பேச்சு. சந்திரிகா வந்தால் எனக்குப் பேச்சுத்துணை. நம் ஊர்ப் பேச்சைக் கேட்டு நாலு வருஷமாகிறது, நீலா. ‘மாப்பிள்ளை தங்கமானவர்’ என்று ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு ஒட்டியும் வைத்துவிட்டேன். எட்டு நாள் அது அரிசிப் பானைக்கு அடியில் இருந்தது. உன் கடிதம் வந்த அன்று அடுப்பில் போட்டேன். அந்த எட்டு நாளை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

என்னை மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம். ஒன்று மட்டும் கேட்கிறேன். மரகதத்தை நிறுத்திவிடாதே. சூரியன் எங்கே வேண்டுமானாலும் விழட்டும்.

தையல்நாயகி


பினாங்கு,
11 ஏப்ரல் 1935

நீலா,

இரண்டு கப்பல் வந்து போய்விட்டது. பத்திரிகையும் இல்லை, கடிதமும் இல்லை. சித்திரை பிறக்க இரண்டு நாள்தான் இருக்கிறது. நிச்சயம் நின்றதா இல்லையா? அதை மட்டும் ஒரு வரி எழுது. மஹ்பூபா தினமும் கேட்கிறாள். தபால்காரரைக் கண்டால் எனக்கு முன்னே அவள் வாசலுக்கு ஓடுகிறாள்.

தையு


நாகப்பட்டினம்,
20 ஏப்ரல் 1935

என் தையுவுக்கு,

நிச்சயம் நின்றுவிட்டது. முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன், இனி மெதுவாகப் படி.

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். “நாலு வருஷமா பொய் எழுதினவ, இப்ப எழுதுறது மட்டும் நிஜமா?” என்று கத்தினார். எனக்கும் கோபம் இருந்தது, மறைக்க மாட்டேன். உன் கடிதங்களையெல்லாம் எடுத்துக் கிழிக்க உட்கார்ந்தேன். கிழிக்க மனசு வரவில்லை. கடைசியில் அந்தப் புத்தகக் கடை அப்துல் ரஹீமுக்கே நீலமேகம் பெயரில் எழுதி, ராமதாஸைப் பற்றி விசாரித்துச் சொல்லும்படி கேட்டேன். அந்த நல்ல மனுஷர் அடுத்த கப்பலிலேயே பதில் போட்டார். நீ எழுதியது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. அதை அப்பாவும் படித்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கு அன்றைக்கே ஆள் அனுப்பினார்.

சந்திரிகா பன்னிரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பினாங்கை அவளிடமிருந்து நானே பிடுங்கிவிட்டேனாம். முகம் வீங்க அழுதாள். பதின்மூன்றாம் நாள் உன் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். அந்த அரிசிப் பானைப் பகுதியை எத்தனை தடவை படித்தாளோ தெரியாது. திரும்பி வந்தபோது கோபம் போயிருந்தது.

பத்திரிகைக்கு இனி எழுத எனக்குக் கை வரவில்லை. மரகதத்துக்கும் சுந்தரேசனுக்கும் பத்தாம் அத்தியாயத்தில் அவசரக் கல்யாணம் செய்துவைத்துக் கதையை முடித்து அனுப்பிவிட்டேன். திட்டாதே. பதினோராம் அத்தியாயத்தை உனக்கும் மஹ்பூபா அக்காவுக்கும் மட்டும் எழுதியிருக்கிறேன், இதோடு இருக்கிறது. இருபத்திரண்டு பக்கம். ஒரு சண்டைகூட இல்லை, இருவரும் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இலக்கியம் தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். மாதம் தவறாமல் ஒன்று வரும், நீ போதும் என்கிற வரை வரும்.

கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று பார்ப்பாய். என்னுடையது இல்லை. சந்திரிகா தானே கேட்டு வாங்கிப் படியெடுத்தாள். எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: “எனக்கு வேணாம்னு அவங்க சொன்ன ஊர்ல, அவங்க மட்டும் எதுக்கு அக்கா இருக்கணும்?” இதற்குப் பதில் நீதான் எழுத வேண்டும்.

நேற்று அப்பா ஆள் வைத்துப் பின்கட்டு அறையை வெள்ளையடித்தார். யாருக்கு என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

உன்
நீலா