குரலைக் கொடுக்கலாமா

பிப்ரவரி 6

ஆய்வு மானிய விண்ணப்பம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களுக்கு அது எப்படித் திரும்புகிறது என்று ஆறு வருடமாகப் பதிவு செய்கிறேன். நாற்பத்தொரு பேரின் குரல் என்னிடம் இருக்கிறது. இன்று மானியப் பிரிவு அலுவலர் கூப்பிட்டார். "மேடம், தரவு மேலாண்மைத் திட்டம் ரெண்டு பக்கம் வேணும். எங்க வைக்கிறீங்க, யார் பொறுப்பு, மத்த ஆய்வாளர்களுக்கு எப்பக் குடுப்பீங்க. இது இல்லாம விண்ணப்பத்தையே பிரிக்க மாட்டாங்க."

எங்கே வைத்திருக்கிறேன்? பெரும்பாலும் பழைய மடிக்கணினியில், மீதி கைப்பையில் கிடக்கும் பென்டிரைவில். இதை எழுதினால் சிரிப்பார்கள்.

பிப்ரவரி 7

ஏன் கொடுக்க வேண்டும்? வீடு வீடாக அலைந்து சேர்த்தது நான். எவனோ உட்கார்ந்த இடத்தில் அள்ளிக்கொண்டு போவானா?

பிப்ரவரி 10

பென்டிரைவ் திறக்கவில்லை. கணினிப் பிரிவில் ஒருவர் இருக்கிறார், செத்த கணினியை எழுப்புவதால் அவருக்கு 'வைத்தியர்' என்று பெயர். அவரிடம் ஓடினேன். "வேற காப்பி இருக்கா?" என்றார். இல்லை. அதில் பதினோரு பேர். என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேன் நான்?

மதியம் ஒன்பது பேரின் பதிவை மீட்டுக் கொடுத்தார். இரண்டு பேர் போனது போனதுதான். "சர்வர்ல இருந்திருந்தா அஞ்சு நிமிஷ வேலை" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிப்ரவரி 11

எவனும் அள்ளிக்கொண்டு போகவில்லை. நானேதான் தொலைத்தேன்.

பிப்ரவரி 14

திட்டம் பாதி எழுதியாகிவிட்டது. பெயருக்குப் பதில் எண், மூன்று இடத்தில் காப்பி, பொறுப்புக்கு வைத்தியர். ஒப்புதல் படிவத்தில்தான் இடறியது. 'எங்கள் குழுவைத் தவிர யாரும் கேட்க மாட்டார்கள்' என்று நானே எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். பெயரை மறைக்கலாம், குரலை எப்படி மறைப்பது?

அக்காவிடம் போனில் புலம்பினேன். "அன்னைக்குக் கேட்டுத்தானே வாங்கின? இன்னைக்கும் போய்க் கேளு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 19

ஒன்பது வீடு ஏறி இறங்கியதில் ஏழு பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். பத்தாவது, முன்னாள் பேருந்து ஓட்டுநர் வீடு. புதுப் படிவத்தை வாசித்ததும் அவர் மனைவிக்கு முகம் மாறிவிட்டது. "இவரு தடுமாறுறத யார் யாரோ கேக்கணுமாம்மா? எப்படிப் பேசின மனுஷன் தெரியுமா?"

படிவத்தை மடிக்கப் போனேன். ஓட்டுநர் இடது கையால் மேசையைத் தட்டினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"என்... என் குரல்."

அடுத்த சொல் வர ஒரு நிமிஷம் ஆனது.

"குடு."

அந்த அம்மா பேனாவை அவர் கையில் வைத்தார்.

வெளியே வந்து வண்டியை எடுக்காமல் நின்றேன். பேச்சுப் பயிற்சியாளர் நான் — அவரை விட்டுவிட்டு அவர் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தேனே?

மார்ச் 3

அனுப்பியாகிவிட்டது. முப்பத்தொன்பதில் இருபத்தாறு பேர் சரி, எட்டுப் பேர் வேண்டாம். ஐந்து பேர் இப்போது உயிரோடு இல்லை. அவர்களிடம் கேட்க வழியில்லை, அதனால் பகிரமாட்டோம் என்று காரணத்தோடு எழுதினேன். தொலைந்த இருவரைப் பற்றியும் எழுதினேன்.

ஜூலை 22

மதிப்பீட்டாளர்கள் ஆய்வுக் கேள்வியில் இரண்டு திருத்தம் கேட்டிருக்கிறார்கள். தரவுத் திட்டத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 4

மானியத்தில் தொடங்கிய ஆய்வுக்கு இன்று முதல் ஆள் வந்தார். தையல்காரர், ஐம்பது வயதுப் பெண். மூன்று மாதமாகச் சொல் வரவில்லை. படிவத்தைப் பெரிய எழுத்தில், படங்களோடு மாற்றிவிட்டோம். "அம்மாவுக்குப் புரியாதுங்க, நானே போட்டுடறேன்" என்று மகன் பேனாவை எடுத்தார். நான் நாற்காலியை இழுத்து அந்த அம்மாவுக்கு எதிரே போட்டுக்கொண்டேன்.

நாற்பது நிமிஷம் ஆனது. 'ஆய்வாளர்களுக்குக் கொடுக்கலாம்' என்பதற்கு ஒரு டிக். 'எல்லாருக்கும் கொடுக்கலாம்' என்பதற்குப் பெருக்கல் குறி. அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்துவிட்டது. மகன் வேறு தாள் கேட்டார்.

வேண்டாம் என்றேன். கிழிந்த தாளையே ஸ்கேன் செய்து சர்வரில் ஏற்றினேன்.