அறுபத்தைந்து வாங்கிய காது

என் பெரியவளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் தம்பியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கிறீர்களா என்று வழக்கம்போலக் கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நீ நலமாக இல்லை என்பது எனக்கு நேற்றுச் சாயங்காலம்தான் தெரியும். வயிற்றில் இருந்த பிள்ளை தங்கவில்லை என்று நீ போனில் சொன்ன அன்று, ரொம்ப சந்தோஷம், எல்லாம் இப்படியே நல்லபடியா நடக்கட்டும் என்று உன் அம்மா சொன்னாள். அதைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தவள்தான் நீ, பிறகு நான் கூப்பிட்டால் எடுக்கவே இல்லை. யாராக இருந்தாலும் எடுத்திருக்கமாட்டார்கள். மற்றதை நம்பினாலும் நம்பாவிட்டாலும் இது ஒன்றை மட்டும் நம்பு, நீ சொன்னது எனக்குக் கேட்கவில்லை. டாக்டர் என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது. பரிசோதனைக்குப் போய்விட்டு வந்திருக்கிறாய், எல்லாம் சரியாக இருக்கிறதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று மிச்சத்தை நானே போட்டுக்கொண்டேன். கோடிட்ட இடங்களை நிரப்புக என்று பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் தயாரித்தே காலம் போயிற்று, இப்போது காது மந்தமான பிறகு என் பிழைப்பே அதுவாகிவிட்டது.

காது பரிசோதனைக்குப் போய்வந்ததை உன்னிடம் சொல்லியிருந்தேன். இடது காது அறுபத்தைந்து வாங்கி முதல் வகுப்பு, வலது காதுதான் முப்பது வாங்கி ஃபெயில் என்று பீற்றிக்கொண்டேனே, நீயும் கணக்கு டீச்சர் காதுக்கு இது போதாது என்று கேலி செய்தாய். அந்தக் கூத்தை முழுதாகக் கேள். இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டுகிற ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். ஊருக்கெல்லாம் பரீட்சை வைத்தவள் தானே பரீட்சை எழுதப் போனால் எப்படி இருக்கும். அது முடிந்ததும் பரிசோதனை செய்த பெண், உன்னைவிடச் சின்னவள், முகத்தில் மாஸ்க்கோடு, கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே என்னவோ சொல்லிக்கொண்டு போனாள். அவள் முதுகுக்குப் பின்னால் பிரிண்டர் கரகரவென்று ஓடுகிறது. என் மூக்குக் கண்ணாடி இன்னும் மேசைமேல்தான் கிடக்கிறது. வலது முப்பது, இடது அறுபத்தஞ்சு என்பது மட்டும் விழுந்தது, எண் என்றால் நான் தூக்கத்திலும் பிடித்துக்கொள்வேன். கடைசியில் புரிஞ்சுதாம்மா என்றாள். புரிஞ்சுது என்று பெரிதாகத் தலையாட்டினேன்.

நீயே சொல், காது கேட்கவில்லை என்று வந்து நிற்கிறவளிடம், அது எவ்வளவு கேட்கவில்லை என்பதைக் காதிலேயே ஓதுவது என்ன நியாயம். கால் ஒடிந்தவனை மாடி ஏறி வா, கட்டுப் போடுகிறேன் என்று கூப்பிடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம். பாதி நேரம் அவள் என்னிடம் பேசவும் இல்லை. கூட வந்த உன் தம்பியைப் பார்த்து, அம்மாவுக்கு இப்படி இருக்கு, அம்மாவை அப்படிப் பாத்துக்கோங்க என்கிறாள், நான் ஏதோ அவன் தூக்கிக்கொண்டு வந்த பை மாதிரி. காது என்னுடையது, சேதி மட்டும் அவனுக்கு. சரி, அவனாவது வாங்கிக்கொண்டானா என்றால் அதுவும் இல்லை. வெளியே வந்ததும் என்னடா சொன்னாள் என்று கேட்டேன். காதுக்கு மெஷின் வைக்கணுமாம், அவசரம் ஒண்ணும் இல்லையாம் என்றான். அத்தனை நேரம் அவள் பேசியதில் என் தலையில் நின்றது இரண்டு எண், அவன் தலையில் நின்றது ஒரு மெஷின். மிச்சம் எல்லாம் அந்த அறையிலேயே தங்கிவிட்டது.

அந்த இரண்டு எண்ணை வைத்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்து நிர்வாகம் செய்தேன். நன்றாகப் படிக்கிற பிள்ளையை முன்னால் உட்காரவைப்போம், நோஞ்சானுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுப்போம் என்று போனை இடது காதுக்கு மாற்றினேன். டிவி பார்க்கிற நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். வலது காதில் தூசி படக்கூடாதென்று பஞ்சு வேறு வைத்துக்கொண்டேன். உன் குரல் வாரத்துக்கு வாரம் தேய்ந்துகொண்டு போயிற்று. உன் பக்கம் லைன் சரியில்லை என்று உன்னையே திட்டினேன், நீயும் கத்திக் கத்திப் பேசினாய். அப்படி இருக்கையில்தான் கத்திச் சொல்ல முடியாத சேதி ஒன்றை நீ என்னிடம் சொல்லியிருக்கிறாய். உன் அப்பா இருந்திருந்தால் போனை என் கையிலிருந்து பிடுங்கியிருப்பார்.

நீ போனை எடுக்காமலே இருந்ததால், ஒருவேளை நீ எடுத்துப் பேசியும் எனக்குத்தான் விழவில்லையோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நேற்றுக் காலையில் காது பரிசோதனை செய்த இடத்துக்கே தனியாகக் கிளம்பிப் போனேன், முதல் வகுப்பு வாங்கின காது வேலை செய்யவில்லை என்று புகார் சொல்ல. எனக்கு முன்னால் உள்ளே போயிருந்த பஸ் டிரைவர் ஒருவர் முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார். என்ன சொன்னாங்க என்று கேட்டேன். ஒண்ணும் இல்லம்மா, லேசாத்தானாம் என்றார். பின்னால் வந்த அவர் மனைவி, எங்க லேசுன்னு சொன்னாங்க, வண்டி ஓட்டறதுக்கு முன்னாடி பெரிய டாக்டரைப் பாக்கணும்னுதானே சொன்னாங்க என்றாள். இரண்டு பேரும் வழக்காடிக்கொண்டே படி இறங்கிப் போனார்கள். அப்போதே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

மீதியை உள்ளே இருந்த பரிசோதனைப் பெண் விளக்கினாள். அன்னிக்கே சொன்னேனேம்மா, உங்க இடது காதுதான் ரொம்ப மோசம், போனை வலது பக்கம் வச்சுப் பேசுங்கன்னு, நீங்ககூட தலையாட்டினீங்களே என்றாள். சத்தத்தை எவ்வளவு கூட்டினால் காது திரும்பிப் பார்க்கிறது என்பதுதான் அந்த எண்ணாம். எண் ஏற ஏறக் காது மோசமாம். எந்தப் பள்ளிக்கூடத்தில் அதிக மார்க் வாங்கினவன் ஃபெயில் என்று கேட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், காது போனால் குரலும் கட்டுக்குள் நிற்பதில்லை. நான் தலையாட்டினேன் என்கிறாளே, அதில்தான் எனக்கு ஆத்திரம். வகுப்பில் புரிந்ததா என்று கேட்டுப் பார், புரிஞ்சுது டீச்சர் என்று கூட்டமாகக் கத்தும், கடைசி பெஞ்சுதான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தும். அதை நம்பிப் புத்தகத்தை மூடுகிறவள் டீச்சரே இல்லை. எழுந்து நில், நான் சொன்னதை உன் வாயால் சொல் என்று கேட்டால்தான் வண்டவாளம் தண்டவாளம் ஏறும். நான் ஒன்றும் அசடு இல்லை, ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் நானும் கடைசி பெஞ்சு ஆகிவிட்டேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, மறுபடி சொல்லு தாயே என்று கேட்க வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். ஒரு நாளைக்கு இத்தனை பேர் வந்தா நான் என்னம்மா பண்ணுவேன் என்றாள். இத்தனை பேருக்குச் சொல்லி ஒருத்தருக்கும் போய்ச் சேரவில்லையென்றால் தொண்டைத் தண்ணீரை ஏன் வீணாக்குகிறாய் என்றேன். கோபித்துக்கொள்ளவில்லை, அதற்கு அவளை மெச்ச வேண்டும். மாஸ்க்கை இறக்கிவிட்டு, நாற்காலியை என் வலது பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள், நான் திருப்பிச் சொன்னேன், ஓரிடத்தில் தப்பினேன், திருத்தினாள். ஒரு டீ ஆறுகிற நேரம் ஆகியிருக்கும். இதை முதல் நாளே செய்ய என்ன கேடு என்றுதான் வீடு வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அந்த டிரைவரை யாராவது திரும்பக் கூப்பிட்டார்களா என்று தெரியவில்லை.

சாயங்காலம் உன் தம்பி வேலையிலிருந்து வந்ததும் இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, அப்போ அன்னிக்கு அக்கா சொன்னது உனக்குக் கேக்கவே இல்லையாம்மா என்றான். என் வலது பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டு, மாப்பிள்ளை தன்னிடம் சொன்னதை எல்லாம் சொன்னான். நீ அழுதது, அம்மாகிட்ட இனிமே பேசமாட்டேன் என்றது, எல்லாம். இவன் இத்தனை நாளும் அம்மாவுக்குக் கல்மனசு என்று நினைத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். ஏம்மா அப்படிச் சொன்னே என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை இவனுக்கு. உன்மேல் கோபப்பட எனக்கு இப்போது முகம் இல்லை, இருந்தாலும் கொஞ்சம் கோபம் இருக்கிறது, மறைக்கமாட்டேன். நான் அப்படிச் சொல்லக்கூடியவள் என்று நீ எப்படியடி நம்பினாய். அந்த நேரத்தில் என் மடியில் இருக்க வேண்டிய தலை, யார் மடியும் இல்லாமல் கிடந்திருக்கிறது. அதை நினைத்தால் அந்தப் பிரிண்டரையும் மாஸ்க்கையும் என் தலையாட்டலையும் ஒன்றாகக் கட்டித் தெருவில் எறியலாம் போல இருக்கிறது.

உடம்பு தேறும்வரை கனம் தூக்காதே. வேலைக்கு ஓடிப் போய் மறந்துவிடலாம் என்று நினைக்காதே, லீவு இருக்கிற மட்டும் எடுத்துக்கொள். மாப்பிள்ளையையும் பேசவிடு, போனது அவருக்கும்தான். உங்கள் இரண்டு பேருக்கும் என் ஆசி எப்போதும் உண்டு, உங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் திரும்ப வரட்டும், அது எனக்குக் கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்துவிடும், அன்று காலையில் நான் கூப்பிடுவேன், எடு. உன் தம்பியை வெளியே அனுப்பிவிட்டு, ஜன்னலைச் சாத்தி, போனை வலது காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அன்று சொன்னதை நீ எனக்கு மறுபடி சொல்ல வேண்டும். தம்பி சொல்லித் தெரியும் என்றாலும் உன் வாயால் நான் கேட்கவில்லை. கத்த வேண்டாம். அழுகை வந்தால் அழுதுவிட்டுச் சொல். நடுவில் நான் சரி என்றோ நல்லது என்றோ ம் என்றோ சொல்லமாட்டேன். நீ முடித்ததும், நீ சொன்னதை நான் திருப்பிச் சொல்லுவேன். தப்பாகச் சொன்னால் திருத்து. சரியாகச் சொல்கிறவரை என்னை விடாதே.

இப்படிக்கு,
அம்மா