தப்பான சந்து

அன்புள்ள என்னவருக்கு,

நானும் மகளும் நலம். அவளுக்கு இருமல் விட்டுவிட்டது. குளியலறைக் குழாய் மட்டும் இன்னும் சொட்டுகிறது. நீங்கள் வந்தால்தான் அதற்கு விடிவு.

முதலில் நல்ல செய்தி. சுற்றுலா வழிகாட்டிகளைப் பற்றிய என் ஆய்வுக்குப் பல்கலைக்கழகத்தின் இந்த வருட விருது கிடைத்திருக்கிறது. "கைடு மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறான், இதுல ஆராய என்ன இருக்கு?" என்று கேட்ட அதே துறைத்தலைவர்தான் பூங்கொத்து கொடுத்தார். விருது வாங்கியவருக்கே நிரந்தர வேலை என்பது உங்களுக்கும் தெரியும். எனக்கு அது கிடைத்ததும் ஊர் திரும்பலாம் என்றுதானே ஆறு வருடமாக வெளிநாட்டில் கிடந்து அல்லாடுகிறீர்கள்.

இனிமேல் வருவதை உட்கார்ந்து படியுங்கள்.

தொப்பிக்காரரைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா, கோட்டைக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டி. அவருக்குப் பின்னால் பதினான்கு முறை நடந்தேன். ஒவ்வொரு முறையும் மூன்றாவது சந்தில் தப்பாகத் திரும்பி, திருதிருவென்று விழிப்பார். வயசாகிவிட்டது, மறதி என்று நானும் பெரிய மேதாவி போலக் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். மனசு கேட்காமல் ஒருநாள் அவரிடமே சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அதுவரைக்கும் என் முதுகையே பாத்துட்டு வருவாங்கம்மா. எனக்கு வழி தெரியலன்னு நெனச்சாத்தான் ஊரை நிமிந்து பாப்பாங்க" என்றார். என் மானம் போனாலும் ஆய்வு பிழைத்தது. நான்காம் அத்தியாயம் முழுக்க அந்த ஒரு பதில்தான். விருதுக் குழு தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவதும் அதைத்தான்.

ஆனால் அச்சுக்குப் போகும் பிரதியில், நான் எழுதியிருந்த அவர் பெயரை அடித்துவிட்டு "ஆய்வாளரின் கண்டுபிடிப்பு" என்று போட்டிருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய்க் கேட்டேன். "தகவல் குடுத்தவங்க பேரையெல்லாம் போட ஆரம்பிச்சா எங்க போய் முடியும்?" என்றார் துறைத்தலைவர். தொப்பிக்காரர் தகவல் தரவில்லை, நான் தப்பாக எழுதியதைத் திருத்தினார் என்றேன். விருது வேண்டுமா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொன்னார்.

தொப்பிக்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "நமக்கெதுக்கும்மா அதெல்லாம், நீங்க வாங்கிக்குங்க" என்றார். சரியென்று திரும்பிவிட்டேன். மறுநாள் காலை பார்த்தால், துறை வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கோட்டை நுழைவுச்சீட்டின் பின்பக்கம், தன் முழுப்பெயரை அப்பா பெயரோடு சேர்த்து எழுதி நீட்டினார். "ஒருவேளை போட்டாங்கன்னா தப்பில்லாம போடணும்ல" என்றார்.

அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. அவர் பெயர் இல்லாமல் எனக்கு விருது வேண்டாம் என்று அன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பீர்கள். சொல்லிவிட்டு அங்கே தனியாக உட்கார்ந்து மருகியிருப்பீர்கள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

பதில் இன்னும் வரவில்லை. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அப்பா வந்துவிடுவார் என்று மகளிடம் சொல்லியிருந்தேன். அதை நான் மாற்றிச் சொல்லவில்லை. நீங்கள் வரும் நாள் தள்ளிப்போனால் என்னைத் திட்டுங்கள், ஆசை தீரத் திட்டுங்கள். தொப்பிக்காரரை மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழாயை நானே சரிசெய்யக் கற்றுக்கொள்கிறேன்.

உங்கள்
பிடிவாதக்காரி